காது வெட்டாத முக்கோணங்கள்

கால் இன்ச். துணி ஓரத்திலிருந்து தையல் வரை கால் இன்ச்சுக்கும் ஒரு நூல் பருமன் குறைவாக. முழுக் கால் இன்ச் பிடித்தால் துணி மடிகிற இடத்தில் மடிப்பே அந்த நூல் பருமனைத் தின்றுவிடும். துண்டு சேர்த்துத் தைத்த ஒரே ஒரு கட்டத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டு கட்டம் சேர்ந்து போர்வை ஆகும்போது ஒரு விரல் அகலத் துணி எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். எங்கேயும் போயிருக்காது, உள்ளேதான் இருக்கும், மடிப்புக்குள். உள்ளேதான் இருக்கும் என்று நினைத்ததும் என் கை நின்றுவிட்டது. ஊசி துணிக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங் ஹாலில் டேப் இழுக்கிறார்கள். ழர்ரக். அது பெட்டியின் அடிப்பக்கம். இன்னொரு ழர்ரக் வந்தால் மேல்பக்கம், அந்தப் பெட்டி முடிந்தது. பெட்டிக்கு ஆறு போர்வை, பத்துப் பெட்டி, அறுபது போர்வை, எல்லாம் வெளிநாட்டுக்கு, தொட்டிலில் குழந்தைக்கு விரிக்கிற அளவு. நாலு மணிக்கு வண்டி. இப்போது இரண்டு நாற்பது. மூன்று பெட்டி முடிந்துவிட்டது. நான் எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, காது எண்ணுகிறது. அடுத்த ஆர்டருக்கு ஒரே ஒரு மாதிரிக் கட்டம் தைத்துக்கொடு என்று சூப்பர்வைசர் செல்லமுத்து அண்ணன் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறார். மைநீலமும் வெள்ளையும். சிவப்பும் வெள்ளையும் அந்தப் பக்கம் பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அந்த அறுபதில் ஏதோ ஒன்றுக்குள் அரை அரிசி நீளத்துக்கு ஓர் ஊசிமுனை இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறவள் நான்.

ஒரு வெள்ளைச் சதுரம், ஒரு நீலச் சதுரம், இரண்டும் நாலே முக்காலே அரைக்கால் இன்ச். முகத்தோடு முகம் வைத்து, வெள்ளையின் முதுகில் மூலைக்கு மூலை ஒரு பென்சில் கோடு. கோட்டின்மேல் தைக்கக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் இன்ச் தள்ளி ஒரு தையல், அந்தப் பக்கம் கால் இன்ச் தள்ளி ஒரு தையல், பிறகு கோட்டின்மேலேயே வெட்டினால் இரண்டு துண்டு, விரித்தால் ஒவ்வொன்றும் பாதி நீலம் பாதி வெள்ளை. முதல் தடவை செய்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கல்லூரியில் மூன்று வருஷம் கணக்குப் படித்ததில் இவ்வளவு சந்தோஷமான ஒன்றை யாரும் காட்டவில்லை. அப்படிப்பட்ட சதுரம் நான்கைச் சுற்றி அடுக்கினால் காற்றாடி. எங்கள் தளத்தில் அதன் பெயரே காத்தாடிதான். காத்தாடிக்கு நடுப்புள்ளி ஒன்று உண்டு, எட்டு முக்கோணமும் மூக்கை நீட்டி வந்து சேர்கிற இடம். தையல்காரி ராசாமணியக்காவின் ஊசி முந்தாநாள் பதினொன்றே காலுக்கு உடைந்தது அந்த இடத்தில்தான். டக் என்று ஒரு சத்தம். ஊசி உடைகிற சத்தம் சின்னது, ஆனால் ஓடுகிற இருபது மெஷின் நடுவிலும் கேட்கும், கேட்டதும் பக்கத்தில் இருப்பவர்கள் காலைத் தூக்கிக்கொள்வார்கள். தளத்தில் தரம் பார்ப்பதும் உடைந்த ஊசிக்குக் கணக்கு வைப்பதும் என் வேலை, ஓடினேன். தரைமேல் காந்தத்தை இழுத்தோம், மெஷின் தட்டைக் கவிழ்த்தோம், அக்காவின் முந்தானையை உதறினோம், முடியைக்கூட விரித்துப் பார்த்தோம். காந்தத்தில் குண்டூசி வந்தது, ஒரு சேஃப்டி பின் வந்தது, யாருடையதோ ஒரு கொண்டை ஊசி வந்தது. முனை வரவில்லை. “கண்ணுல பட்டிருக்குமோன்னு பாரு கண்ணு” என்று அக்கா இமையை விரித்துக் காட்டினாள். கண்ணில் இல்லை. அந்த நேரம் செல்லமுத்து அண்ணன் கூப்பிட்டார், போய்விட்டேன், பத்து நிமிஷம். திரும்பி வந்தபோது அக்கா உள்ளங்கையை நீட்டினாள், அதில் முனை இருந்தது. “கெடச்சிருச்சு அம்மிணி, பாபின் பெட்டிக்குள்ள போயி ஒக்காந்திருக்குது.”

அடிநூல் கண்டு உட்காருகிற பாபின் பெட்டியை நான் பார்த்திருந்தேன். இரண்டு தடவை பார்த்திருந்தேன். இல்லை, ஒரு தடவை நன்றாகவும் ஒரு தடவை மேலோட்டமாகவும். இதில்தான் மனம் மாட்டிக்கொள்கிறது. மேலோட்டமாகப் பார்த்தது முதல் தடவையா இரண்டாவது தடவையா என்று முந்தாநாளிலிருந்து யோசிக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வருகிறது. சரி, தைக்கலாம். இந்தப் பக்கத் தையல் ஓடிவிட்டது. நூலை அறுக்காமல் அடுத்த சதுரத்தை ஊசிக்கு அடியில் நுழைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் கால் இன்ச்சுக்கு வெறும் நூல் முறுக்கு. இப்படியே ஐம்பது நூறு என்று தைத்தால் மெஷின் பின்னால் தோரணம்போல் தொங்கும். நூல் மிச்சம், நேரம் மிச்சம், வரிசையும் குலையாது. வரிசை குலையாமல் இருந்திருந்தால் எனக்கு இந்த வேதனை இல்லை. பதினொன்றே காலுக்கு ஊசிக்கு அடியில் இருந்தது எந்தக் கட்டம் என்று தோரணத்தில் விரல் வைத்துச் சொல்லியிருக்கலாம், முன்னால் மூன்று பின்னால் மூன்று எடுத்து ஓரமாக வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் தோரணத்தை அறுத்து மற்றக் கட்டுகளோடு அயர்ன் டேபிளில் கொட்டியிருந்தார்கள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, எல்லாம் ஒரே முகம். இப்போது அறுபதில் எதிலும் இருக்கலாம். அறுபது பன்னிரண்டு எழுநூற்றிருபது நடுப்புள்ளி. அல்லது எதிலும் இல்லாமலும் இருக்கலாம், துடைப்பத்தில் போயிருக்கலாம், கழிவுத்துணி மூட்டையில் போயிருக்கலாம். இந்த அல்லது என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு நாளாகச் சோறு தின்கிறேன். ழர்ரக். மேல்பக்கம். நாலு.

தையல் இரண்டு பக்கமும் முடிந்தது, கோட்டின்மேல் வெட்டுகிறேன். வெட்டிய மூலையில் பார்த்தால் தையல் முடிகிற இரண்டு கோடியிலும் சின்னதாக ஒரு முக்கோணத் துணுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குக் காது என்று பெயர். ஒவ்வொரு சதுரத்துக்கும் இரண்டு காது. வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் மேலே பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, காது உள்பக்கம் மடிந்துகொள்ளும். ஆனால் நடுப்புள்ளியில் நான்கு சதுரத்தின் நான்கு காதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும், ஏற்கெனவே மடிப்புகள் குவிகிற இடம், அது சுண்டைக்காய்போல் புடைத்துக்கொள்ளும், ஊசி அதில் ஏறும்போது வளையும், வளைந்தால் கீழ்த்தட்டில் மோதும், மோதினால் டக். இது எனக்குத் தெரியும். தெரிந்தவள்தான் போன வாரம் சொன்னேன். இரண்டு நாள் பின்தங்கியிருந்தோம். காது வெட்ட மட்டும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். “உள்ளே போகிற காதுதானே அண்ணா, வெளியே தெரியாது. இந்த ஆர்டருக்கு வேண்டாம், அந்த மூணு பேரையும் பார்டருக்குப் போட்டுக்கலாம்” என்று நானே போய்ச் சொன்னேன். செல்லமுத்து அண்ணன் என் தலையில் லேசாகத் தட்டி, “பாத்தியா, படிச்ச மூளை” என்றார். அன்றைக்கு முழுக்க அந்தத் தட்டு தலையில் இருந்தது. வெளியே தெரியாது. நான் சொன்ன வார்த்தை. ராசாமணியக்கா அன்றைக்கே கட்டத்தை விரலால் நெருடிப் பார்த்து, “என்ன புள்ள, நடுவுல கல்லு வெச்சுத் தெச்ச மாதிரி இருக்குது” என்றாள். நான், “மெதுவா ஏத்துங்கக்கா, ஏறும்” என்றேன். ஏறியது. ஐநூறு கட்டத்தில் ஏறியது. பிறகு ஒன்றில் ஏறவில்லை.

இப்போது காதை வெட்டுகிறேன். எட்டுக் காது, எட்டையும் மேஜைமேல் ஒரு தாளில் சேர்த்து வைக்கிறேன், ஏன் சேர்க்கிறேன் என்று தெரியவில்லை. உடைந்த ஊசிக்கு ஒரு ரிஜிஸ்டர் உண்டு. தேதி, நேரம், மெஷின் எண், தையல்காரர் பெயர், அதற்குப் பக்கத்தில் ஊசியின் எல்லாத் துண்டையும் சேர்த்து வைத்துக் கண்ணாடி டேப்பால் ஒட்ட வேண்டும். துண்டுகள் சேர்ந்து முழு ஊசி ஆக வேண்டும். அப்படி ஆனால்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஆகாவிட்டால் அந்த வரிசையே நிற்கும், அன்றைய துணி முழுவதும் ஒதுக்கப்படும், தையல்காரரை எந்திரத்தைவிட்டு இறக்கி நூல் பிசிறு வெட்ட உட்கார வைப்பார்கள். அக்காவுக்கு இந்த மாதம் இரண்டு தடவை இப்படிக் காணாமல் போயிருந்தது. மூன்றாவது என்றால் திரும்ப எந்திரத்தில் ஏற முடியாது. பதினெட்டு வருஷம் தைத்தவளை வாசலுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலோடு உட்கார வைப்பதைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். அதனால்தான் இவர்கள் முனைகளைச் சேர்த்து வைக்கிறார்கள். இது எனக்கு வந்து ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எங்காவது ஒரு பழைய முனை கிடைத்தால் கீழே போட மாட்டார்கள், ஒரு துணியில் முடிந்து, மாத்திரை அட்டையில் செருகி, தாலிக்கயிற்றில் கோத்த ஊக்குப் பக்கத்தில் என்று எங்கேயாவது வைத்திருப்பார்கள். ஒருத்திக்கு முனை தொலைந்தால் இன்னொருத்தி கொடுப்பாள், மிளகாய் கடன் கொடுக்கிற மாதிரி. ரிஜிஸ்டரில் ஒட்டியிருக்கிற எத்தனை முனை அந்தந்த ஊசியின் முனை என்று யாருக்குத் தெரியும். நான் நூல் எண்ணுகிற லென்ஸை வைத்துப் பார்த்தேன். உடைந்த வாயும் உடைந்த வாயும் பொருந்தவில்லை. மேலே சாய்வாக உடைந்திருந்தது, கீழே நேராக. பொருந்தவில்லை என்று பார்த்துவிட்டு, லென்ஸை எடுத்துவிட்டு, டேப்பை ஒட்டிவிட்டு, எல்லாத் துண்டும் கிடைத்தது என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். ம. மோகனப்பிரியா. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இருவரும் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் கையெழுத்தை நான் பிளஸ் டூவில் ஒரு நோட்டு முழுக்க எழுதிப் பழகினேன். எங்கள் வீட்டில் அதுவரை ஒரு தாளில் எழுதிவிட்டுப் பெயர் போட வேண்டிய வேலை யாருக்கும் வந்ததில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கப் போனபோது கிராம நிர்வாக அலுவலர் அப்பாவிடம், “உங்க அண்ணன் தம்பி வீட்ல யாராச்சும் டிகிரி உண்டா? பொய் சொன்னா பிற்பாடு தெரியவந்துரும்” என்றார். அப்பா தறிக்குப் போகிறவர், காது மந்தம், கேட்கவில்லை. நான் அவர் காதருகே கத்தினேன். அவர் பதறிப்போய், “இல்லீங்க சாமி, எங்கள்ல எவனும் படிக்கல, சத்தியமா” என்று கும்பிட்டார். படிக்காததற்குச் சத்தியம் செய்த அப்பா. அந்தச் சத்தியத்தில் வாங்கிய தாளில் படித்தவள். பிற்பாடு தெரியவந்துரும். அன்றையிலிருந்து எதில் கையெழுத்துப் போட்டாலும் அந்தக் குரல் பின்னால் நிற்கும். பயந்தவள் நான். பயத்தால் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்ப்பேன், இரண்டு தடவை பார்ப்பதால் நேர்மையான பெண் என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் பொய்யாகக் கையெழுத்துப் போட்டேனா? துணியை ஒதுக்கினால் ஏன் ஊசி உடைந்தது என்று கேட்பார்கள், ஏன் புடைத்தது என்று கேட்பார்கள், காது வெட்ட வேண்டாம் என்று சொன்னது யார் என்று கேட்பார்கள். அக்காவுக்காகத்தான் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்காக இல்லை. அயர்ன் பெட்டி சூடாகிவிட்டது. மடிப்பை நீலப் பக்கம் சாய்த்துப் போட வேண்டும், வெள்ளைப் பக்கம் சாய்த்தால் நீலம் வெள்ளைக்குள் நிழலாகத் தெரியும். தேய்க்கக் கூடாது, வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். மூலைக்கு மூலை வெட்டிய துணி நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டப்பட்டது, இழுத்தால் இழுபடும், இழுபட்ட பிறகு பழைய அளவுக்கு வராது.

உலோகம் கண்டுபிடிக்கிற டிடெக்டரில் போனதே. நேற்றுக் காலை அறுபதும் ஒவ்வொன்றாகப் பெல்ட்டில் போனது, அறுபதுக்கும் பச்சை விளக்கு. நான் பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது சிவப்பு எரியட்டும் என்றும் எரியக் கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டினேன். பச்சை. பச்சை. மற்றவர்களாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் அந்த எந்திரத்தின் புத்தகத்தைப் படித்திருக்கிறேன், படிக்கச் சொன்ன எதையும் கடைசிப் பக்கம் வரை படிப்பவள். மணிக்கு ஒரு தடவை சோதனை அட்டை விட்டுப் பார்ப்பார்கள், அதில் இருப்பது சின்ன இரும்புக் குண்டு. குண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் குண்டுதான். மெல்லிய நீளத் துண்டு ஒரு வாட்டத்தில் கிடந்தால் கண்ணில் படும், இன்னொரு வாட்டத்தில் கிடந்தால் நழுவலாம் என்று ஒரு வரி இருந்தது. ஒரே ஒரு வரி, சின்ன எழுத்தில். அந்த வரியை நான் மட்டும்தான் படித்திருப்பேன். அதனால் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை விடலாமா என்று கேட்க நினைத்தேன். ஏன் என்று கேட்டால்? கேட்கவில்லை. ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற குமுதா சொன்னாள், காலில் ஏறிய ஊசி நிற்காது, ரத்தத்தோடு நடந்து நடந்து இதயத்துக்குப் போய்விடும் என்று. ஒரு வருஷம் முழுக்கச் செருப்பில்லாமல் நடக்கும்போதெல்லாம் மார்பில் கையை வைத்துக்கொள்வேன். பெரியவளான பிறகு அப்படி இல்லை என்று தெரிந்தது. ஆனால் துணிக்குள் இருக்கிற ஊசி நடக்கும். பஞ்சுக்குள் நடக்கும். இன்றைக்குக் குத்தாது. ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம், ஒவ்வொரு உதறலிலும் கொஞ்சம். இரண்டு மாதம், மூன்று மாதம் பொறுத்து மேலே வரும். லேபிளில் கண் மூடிய குழந்தையின் படம் அச்சிட்டிருக்கிறது, கன்னம் போர்வைமேல் அழுந்தியிருக்கிற மாதிரி. குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. அழும். பசி என்று நினைத்துத் தூக்குவார்கள், தூக்கினால் நின்றுவிடும். திரும்ப அதிலேயே படுக்க வைப்பார்கள். ழர்ரக். இது ஐந்தா ஆறா? ஒன்றைத் தவறவிட்டேனா?

“ஏன் அம்மிணி, ஒத்தக் கட்டத்துக்கு ஒரு மணி நேரமா?” ராசாமணியக்கா பின்னால் வந்து நிற்கிறாள், நீல நூல் எடுக்க வந்திருக்கிறாள். “டிகிரி படிச்ச புள்ள தெச்சா அயர்ன் பொட்டி ஆறிப்போவும் போலிருக்குது.” சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன், வாய் மட்டும். அவள் என் மேஜைமேல் தாளில் சேர்த்து வைத்திருக்கிற எட்டுக் காதையும் பார்க்கிறாள். சிரிப்பு நின்றுவிடுகிறது. “இப்ப வெட்டறயாக்கும்” என்கிறாள். நான் தாளை ஓரமாகத் தள்ளுகிறேன். “சாப்பாட்டு டப்பாவ அப்படியே மூடி வெச்சுட்ட, பாத்தேன். வவுத்த வலிக்குதா?” “இல்லீங்க்கா.” “பின்ன?” நூல் கண்டை எடுத்தவள் போகாமல் அதை உள்ளங்கையில் உருட்டுகிறாள். கேட்கக் கூடாது என்று நினைக்கும்போதே என் வாய் கேட்டுவிட்டது: “அக்கா, அந்த முனை யாருதுங்க்கா?” நூல் கண்டு உருள்வது நிற்கிறது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று அவள் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். “உனக்குத் தெரியாதா?” என்கிறாள். “லென்ஸ் வெச்சுப் பாத்தயே. நான் நெனச்சேன், இந்தப் புள்ள இப்பக் கத்தும், இப்பக் கத்தும்னு. நீ டேப்ப ஒட்டுன.” “அக்கா...” “நான் ஒனக்காவ முனை குடுக்கல, நீ எனக்காவ ஒட்டல. ரெண்டு பேரும் அவங்கவங்களுக்குத்தான் செஞ்சோம். அத வுடு.” குரலைத் தாழ்த்தாமல், மிளகாய் விலை சொல்வதுபோல் சொல்கிறாள். “நேத்து என் மருமவ புள்ளைக்கி ஒடம்புக்குத் தண்ணி ஊத்தறப்ப, முதுவத் தடவித் தடவிப் பாக்கறேன். அது படுக்கறது இங்க தெச்ச துணியே கெடையாது. பளைய சேலை. தெரியுது. தெரிஞ்சும் கை தடவுது.” பிறகு, “தெய்யி, தெய்யி. எதோ ஒண்ணு ஆவட்டும்” என்று நூலோடு போகிறாள். அவள் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, பதினெட்டு வருஷம் ஒரே பக்கம் சாய்ந்து தைத்ததில்.

மேல்வரிசை இரண்டு சதுரம் சேர்த்தாயிற்று, கீழ்வரிசை இரண்டு சதுரம் சேர்த்தாயிற்று. மேல்வரிசையின் மடிப்பு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கீழ்வரிசையின் மடிப்பு இடப்பக்கம். முகத்தோடு முகம் வைக்கும்போது ஒரு மடிப்பு இன்னொரு மடிப்பின் தோளில் போய் முட்டி நிற்க வேண்டும், விரலால் தடவினால் பள்ளம் மேடு இல்லாமல் பூட்டிக்கொண்ட மாதிரி. பூட்டிக்கொண்டது. ஒரு குண்டூசி குத்தி நிறுத்துகிறேன். குண்டூசி குத்தும்போது எண்ணுகிறேன், ஒன்று, எடுத்தால் ஒன்று திரும்பி வர வேண்டும். எதோ ஒண்ணு ஆவட்டும் என்றாள். அப்படியென்றால் என்ன? சொல்லிவிடு என்றா? விட்டுவிடு என்றா? இரண்டுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மணி மூன்று இருபத்தைந்து. எட்டு என்கிறது காது, ஏழாகவும் இருக்கலாம். வண்டி போய்விட்டால் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்காது. அந்த நினைப்பில் எவ்வளவு ஆறுதல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு உடம்பு கூசுகிறது. இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் கெட்டியாக உட்கார்ந்திருந்தால் போதும். உட்கார்ந்திருப்பது சுலபம், நான் உட்கார்ந்திருப்பதில் கெட்டிக்காரி, பரீட்சை ஹாலில் மணி அடிக்கும்வரை எழுந்ததே இல்லை. பிறகு? பிறகு ஒவ்வொரு மாதமும் வெளிநாட்டிலிருந்து கடிதம் வருகிற நாளில் ஆபீஸ் பக்கம் யாராவது குரலை உயர்த்தினால் அதுதானா என்று நிற்பேன். வரவே வராது. வராமல் இருப்பதால் இல்லை என்று ஆகிவிடுமா? அந்த வீட்டில் அதை யாரும் ஊசி என்றே கண்டுபிடிக்காமல் இருக்கலாம். மிதியை அழுத்துகிறேன். ஓரத்திலிருந்து தையல் ஓடுகிறது, நீலம், வெள்ளை, மடிப்பை நெருங்குகிறது, மெதுவாக, குண்டூசியை எடுத்துவிட்டேன், ஒன்று, இன்னும் நாலு குத்தில் நடுப்புள்ளி. காது வெட்டியாயிற்று, புடைப்பு இல்லை, ஏறும், நன்றாக ஏறும். என் கட்டம் சரியாக இருக்கும். அறுபது போர்வை வேறு மாதிரி இருக்கும்போது என் கட்டம் மட்டும் சரியாக இருக்கும், அதை எடுத்துப்போய்ச் செல்லமுத்து அண்ணனிடம் கொடுப்பேன், பார்த்தியா படிச்ச மூளை என்பார். மிதியிலிருந்து காலை எடுத்தேன். ஊசி துணிக்குள் இறங்கியபடியே நின்றது. அதைத் தூக்காமல், விளக்கை அணைக்காமல், எழுந்தேன்.

பேக்கிங் ஹாலில் ஒன்பதாவது பெட்டிக்கு மேல்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லமுத்து அண்ணன் அட்டையைத் தொடையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். “என்னம்மா, மாதிரி முடிஞ்சுதா?” நான், “அண்ணா, முந்தாநாள் ரிஜிஸ்டர்ல நான் போட்ட கையெழுத்து பொய்ங்க” என்றேன். இவ்வளவு சின்ன வாக்கியம். இரண்டு நாளாக எனக்குள் அது எவ்வளவு நீளமாக இருந்தது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை, எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினார். “என்ன பொய்?” “முனை கிடைக்கல. ஒட்டுனது வேற முனை. எனக்குத் தெரியும். காது வெட்ட வேண்டாம்னு சொன்னதும் நான்தான், அதனாலதான் ஒடஞ்சுது.” டேப் இழுக்கிறவர்கள் இழுப்பதை நிறுத்திவிட்டார்கள். “எந்தப் பொட்டி?” “தெரியாதுங்கண்ணா.” “எந்தப் போர்வை?” “தெரியாதுங்க.” “டிடெக்டர்ல பச்சைதான வந்துச்சு?” “வந்துச்சுங்க. படுத்த வாட்டத்துல இருந்தா பச்சையும் வரலாங்க.” அவர் என்னைக் கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். களைத்துப்போனவர்போல் பார்த்தார். “படிச்சவங்கள வெச்சா இதுதான் வம்பு. படிக்காததுக ஒளிக்கறத ஒழுங்கா ஒளிக்கும்” என்றார். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். “நான் மொதலாளிகிட்டக் கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் எதையும் யாரும் தொடக் கூடாது. புரியுதா? நீயுந்தான்.” வெளியே வண்டி பின்பக்கமாக வந்து நின்றது, பலகையை இறக்குகிற சத்தம். அவர் முதுகு தெரிந்தது, தலையை ஆட்டி ஆட்டி யாருக்கோ சரி சொல்லிக்கொண்டிருந்தார். எதற்குச் சரி, வண்டியில் ஏற்றவா, நிறுத்தவா? அந்தச் சரி எந்தச் சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு நேரம் இல்லை. கட்டரை எடுத்து முதல் பெட்டியின் டேப்பைக் கிழித்தேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் பக்கத்திலும் வரவில்லை. போர்வையை மேஜைமேல் விரித்தேன். சிவப்பும் வெள்ளையும், பன்னிரண்டு காத்தாடி. முதல் காத்தாடியின் நடுவில் உள்ளங்கையை வைத்து, உடம்பு பாரத்தை எல்லாம் அதன்மேல் இறக்கி, வலப்பக்கம் ஒரு தடவை இடப்பக்கம் ஒரு தடவை திருகினேன். குத்து என்றேன், வாய்விட்டே சொன்னேன்போலிருக்கிறது, டேப்காரப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குத்து. ஒன்றும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது. புடைப்பு மட்டும் கையில் நெருடியது, அதைச் சுற்றிப் பஞ்சு. பன்னிரண்டும் அழுத்தினேன், திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் அழுத்தினேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தால் இங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம். கை நன்றாக இருந்தது. இவ்வளவு மெத்தென்று ஒரு துணியை நான் அதுவரை தொட்டதில்லை. வாசலில் பேச்சு நின்றுவிட்டது, செருப்புச் சத்தம் திரும்பி வருகிறது. நான் இரண்டாவது போர்வையை விரித்தேன்.